ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்தாலும் கர்ப்ப காலத்துக்கு மெடிகெய்ட் கிடைக்கும்: அமெரிக்காவுல இருக்கிற நம்ம குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

வேலை இருக்கு, ஆபீஸ்ல இன்சூரன்ஸ் குடுத்திருக்காங்க, அதனால கவர்மென்ட் உதவியெல்லாம் நமக்கு கிடைக்காதுன்னு முடிவு பண்ணிட்டு பிரசவ பில்லை கிரெடிட் கார்டுல தேய்ச்சு ரெண்டு வருஷம் அடைக்கிற குடும்பங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய இருக்காங்க. போன தடவை எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு நாலாம் மாசத்துல போன் பண்ணி, "அக்கா, எங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, எப்படிக்கா குடுப்பாங்க, பொய் சொல்ற மாதிரி ஆயிடாதா"ன்னு கேட்டா. ஆகாது. மெடிகெய்ட்ங்கிறது வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு கவர்மென்ட் குடுக்கிற ஹெல்த் இன்சூரன்ஸ். அந்த சட்டத்துல வேற இன்சூரன்ஸ் இருக்கிறது ஒரு தடையே கிடையாது, வருமானம் உங்க ஸ்டேட் லிமிட்டுக்குள்ள இருந்தா உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ் முதல்ல கட்டும், அது விட்ட மிச்சத்துக்கு மெடிகெய்ட் ரெண்டாவதா வந்து நிக்கும். அமெரிக்காவுல பத்துல நாலு பிரசவத்துக்கு பணம் கட்டுறது மெடிகெய்ட் தான், அதுல வேலைக்கு போற குடும்பங்க ஏராளம்.

ஐடி கம்பெனியில வருஷம் ஒரு லட்சம் டாலருக்கு மேல சம்பளம் வாங்குற வீட்டுக்கு இது கிடைக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அமெரிக்கா தமிழர்னா எல்லாரும் ஐடின்னு நினைக்கிறதே தப்பு. யுனிவர்சிட்டியில போஸ்ட்டாக் பண்றவங்க, மோட்டல் ஃப்ரண்ட் டெஸ்க்ல இருக்கிறவங்க, இந்தியன் கிராசரி கடையில வேலை பாக்குறவங்க, டேகேர்ல, ஸ்கூல்ல உதவியாளரா இருக்கிறவங்க, வேர்ஹவுஸ் ஷிஃப்ட் போறவங்க, புருஷன் சம்பளம் ஒண்ணுலயே வீடு ஓட்டுறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

இன்சூரன்ஸ் இருந்தும் ஏன் இவ்ளோ பணம் போகுது

பெரிய கம்பெனி இன்சூரன்ஸ் வச்சிருக்கிற பொண்ணுங்க கணக்கை பீட்டர்சன், கேஎஃப்எஃப்னு ரெண்டு ஹெல்த் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து பாத்து 2022ல வெளியிட்டாங்க, கர்ப்பம், பிரசவம், அதுக்கப்புறம் வர்ற செலவு எல்லாம் சேர்த்து சராசரி 18,865 டாலர், அதுல குடும்பம் கைக்காசா கட்டுனது சராசரி 2,854 டாலர். இது நல்ல பிளான் வச்சிருக்கிறவங்க சராசரி, சின்ன கம்பெனியில ஹை டிடக்டிபிள் பிளான் (டிடக்டிபிள்னா இன்சூரன்ஸ் கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே கட்ட வேண்டிய தொகை) எடுத்தவங்களுக்கு இன்னும் ஜாஸ்தியா போகும்.

ப்ரீனேட்டல் விசிட், 24 வாரத்துக்கு மேல எடுக்கிற சுகர் டெஸ்ட், பிரெஸ்ட் பம்ப் இதெல்லாம் ஒபாமாகேர் சட்டப்படி பெரும்பாலான பிளான்ல காசு இல்லாம கிடைக்கும். அல்ட்ராசவுண்ட், மத்த பிளட் டெஸ்ட், ஹாஸ்பிடல் ரூம், எபிடியூரல், சி செக்‌ஷன், குழந்தையோட நர்சரி பில், இதெல்லாம் டிடக்டிபிள்ல போய் விழும். இதுல இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆகஸ்ட்ல கன்ஃபார்ம் ஆகி ஏப்ரல்ல டெலிவரின்னா உங்க கர்ப்பம் ரெண்டு பிளான் வருஷத்துல விழுது, ஜனவரி ஒண்ணாம் தேதி டிடக்டிபிள் திரும்ப ஜீரோவுலருந்து ஆரம்பிக்கும், அதாவது ரெண்டு தடவை கட்டணும்.

முதல் வேலை: வீட்ல எத்தனை பேருன்னு எண்ணுங்க

மெடிகெய்ட் கணக்குல வயித்துல இருக்கிற குழந்தையும் ஒரு ஆள். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், தலைப்பிரசவம்னா உங்க குடும்பம் மூணு பேர். ட்வின்ஸ்னா நாலு. ஏற்கனவே ஒரு குழந்தை இருந்து இப்ப இன்னொண்ணுன்னாலும் நாலு. பிரசவத்துக்கு ஊர்லருந்து வந்து ஆறு மாசம் தங்கியிருக்கிற அம்மா அப்பாவை நீங்க டாக்ஸ்ல டிபெண்டன்ட்டா காட்டலைனா அவங்க எண்ணிக்கையில வர மாட்டாங்க, அதனால வீட்ல அஞ்சு பேர் சாப்பிடுறோமேன்னு அஞ்சுன்னு போட்டுடாதீங்க.

அடுத்தது வறுமைக்கோடு கணக்கு. 2025க்கு ஃபெடரல் லெவல் ரெண்டு பேருக்கு 21,150 டாலர், மூணு பேருக்கு 26,650, நாலு பேருக்கு 32,150. ஒவ்வொரு ஜனவரியும் இது கொஞ்சம் ஏறும், அப்ளை பண்ற வருஷத்து நம்பரை பாத்துக்கோங்க. வறுமைக்கோடுங்கிற வார்த்தையை பாத்து பயந்து இதோட மூடி வச்சிட்டு போறவங்கதான் ஜாஸ்தி, ஆனா கர்ப்பிணிகளுக்கு லிமிட் அந்த கோட்டுக்கு ரொம்ப மேல இருக்கு. எந்த ஸ்டேட்டா இருந்தாலும் குறைஞ்சது 138 சதவீதம், பெரும்பாலான ஸ்டேட்ல 200 பக்கம். டெக்சாஸ்ல 203, நார்த் கரோலினாவுல 201, நியூ ஜெர்சியில 199, கலிஃபோர்னியாவுல 213, நியூயார்க்ல 223, ஜார்ஜியாவுல 225. 2025 நம்பர்படி மூணு பேர் குடும்பத்துக்கு டெக்சாஸ்ல சுமார் 54,100 டாலர் வரைக்கும், கலிஃபோர்னியாவுல 56,760 பக்கம் வரைக்கும், நியூயார்க்ல 59,400 வரைக்கும் வருது. நியூயார்க்ல ஒரு குழந்தையோட இருக்கிற போஸ்ட்டாக் குடும்பத்துல அடுத்த குழந்தை வந்தா நாலு பேர், லிமிட் 71,690 டாலர் பக்கம், 66,000 சம்பளத்துல இருக்கிறவர் தாராளமா உள்ள வந்துடுவார், விசா கேள்வி தனி, அதுக்கு பின்னாடி வர்றேன்.

சம்பளத்தை எப்படி எண்ணுவாங்க

நிறைய பேர் இங்கதான் தங்களுக்கு தாங்களே ரிஜெக்ட் போட்டுக்கிறாங்க. ஆஃபர் லெட்டர்ல இருக்கிற தொகையை வச்சு லிமிட்டை தாண்டிட்டோம்னு விட்டுடறாங்க. மெடிகெய்ட் பாக்குறது அந்த தொகை கிடையாது. டாக்ஸுக்கு முன்னாடி சம்பளத்துலருந்து பிடிக்கிற இன்சூரன்ஸ் பிரீமியம், 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு), எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ (மருத்துவ செலவுக்குன்னு எடுத்து வைக்கிற அக்கவுண்ட்) இதெல்லாம் கழிச்சு மிச்சம் இருக்கிறதுதான் கணக்கு.

ஒரு பே ஸ்டப்பை, அதாவது சம்பள சீட்டை எடுத்து பாப்போம். கலிஃபோர்னியாவுல ஒருத்தர் வருஷம் 58,000 வாங்குறார், மனைவிக்கு வேலை இல்ல, முதல் குழந்தை வரப்போகுது. மாசம் 4,833 டாலர். மூணு பேருக்கு 2025 லிமிட் மாசம் 4,730. பாத்தவுடனே தாண்டிடுச்சு. ஆனா அதே ஸ்டப்புல கீழ பாத்தா குடும்ப இன்சூரன்ஸுக்கு மாசம் 250 ப்ரீ டாக்ஸா போகுது, 401கேல அஞ்சு சதவீதம், அதாவது 242 போகுது. கழிச்சா 4,341. உள்ள வந்துட்டாங்க. இதுல ஏமாத்து வேலை எதுவும் கிடையாது, சட்டமே அப்படித்தான் எண்ண சொல்லுது, ஃபார்ம்லயும் இந்த பிடித்தம் எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கிறாங்க. 401கேல கொஞ்சம் ஏத்தி வச்சு லிமிட்டுக்குள்ள வர்றதும் சட்டப்படி சரிதான், டாக்ஸ் கட்டுன பிறகு போடுற ரோத் 401கே மட்டும் கழியாது.

அப்புறம் மெடிகெய்ட் பாக்குறது இப்ப இந்த மாசம் என்ன வருதுங்கிறதை. போன வருஷம் டபிள்யூ-2 (வருஷ சம்பளம் காட்டுற டாக்ஸ் ஃபார்ம்) எவ்ளோ பெருசா இருந்தாலும் பரவால்ல, இப்ப ஓவர்டைம் நின்னுபோச்சு, புருஷனுக்கு வேலை போச்சு, நீங்க வாந்தி தாங்க முடியாம பார்ட் டைமுக்கு மாறிட்டீங்கன்னா இப்பத்த வருமானம்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம் வாங்குறவங்க அதை ரெண்டால பெருக்கி மாச வருமானம்னு போடாதீங்க, வருஷத்துக்கு 26 செக் வரும், 26ஆல பெருக்கி 12ஆல வகுங்க. பேங்க்ல சேவிங்ஸ் எவ்ளோ இருக்கு, கார் எத்தனை, ஊர்ல நிலம் இருக்கான்னு கர்ப்பிணி மெடிகெய்ட்ல சொத்து கணக்கே கிடையாது.

விசா, கிரீன் கார்டு விஷயம்

சிட்டிசன்னா பிரச்சினை இல்ல. கிரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆகலைனா பொதுவா மெடிகெய்ட் கிடையாது, ஆனா கர்ப்பிணிகளுக்கு அந்த அஞ்சு வருஷத்தை தள்ளி வைக்கலாம்னு 2009ல ஃபெடரல் சட்டம் வழி விட்டுச்சு, அந்த வழியை எடுத்துக்கிட்ட ஸ்டேட்ல செல்லுபடியான எச்1பி, எச்4, ஜே1, எஃப்1 மாதிரி விசாவுல சட்டப்படி இருக்கிறவங்களும் வருமானம் சரியா இருந்தா அப்ளை பண்ணலாம். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, வர்ஜீனியா, நார்த் கரோலினா, வாஷிங்டன் இதெல்லாம் அந்த பட்டியல்ல இருக்கு. டெக்சாஸும் ஜார்ஜியாவும் கர்ப்பிணிகளுக்கு அதை எடுத்துக்கல. டெக்சாஸ்ல சிப்ங்கிற குழந்தைகள் இன்சூரன்ஸ் திட்டத்துக்கு கீழ கர்ப்பிணிகளுக்கு சிப் பெரினேட்டல்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஸ்டேட்டஸ் பாக்க மாட்டாங்க, ஆனா வேற இன்சூரன்ஸ் இருக்க கூடாது, அதனால ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கிற எச்4 பொண்ணுக்கு அது உதவாது. இது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கிற விஷயம், ஒரே வருமானம், ஒரே விசா, ஸ்டேட் மாறினா கதையே மாறிடுது.

கவர்மென்ட் உதவி வாங்குனா அரசுக்கு பாரம்னு சொல்லி கிரீன் கார்டை மறுத்துடுவாங்களோங்கிற பப்ளிக் சார்ஜ் பயம் எல்லாருக்கும் இருக்கு, நியாயமான பயம்தான். 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்த விதிப்படி கர்ப்ப கால மெடிகெய்ட், சிப், விக் (கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு குடுக்கிற திட்டம்) எதையும் கிரீன் கார்டு அப்ளிகேஷன்ல உங்களுக்கு எதிரா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா 2025 நவம்பர்ல அந்த விதியையே ரத்து பண்ணணும்னு ஹோம்லேண்ட் செக்யூரிட்டி முன்மொழிஞ்சிருக்கு. அதனால கிரீன் கார்டு வரிசையில நிக்கிறவங்க ஃபார்மை தொடுறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் லாயர் ஒருத்தர்கிட்ட அன்னைக்கு நிலைமை என்னன்னு கேட்டுக்கோங்க, வாட்ஸாப் குரூப்ல யாரோ சொன்னதை நம்பி வாங்கவும் வேண்டாம், வேண்டாம்னு விடவும் வேண்டாம். கிரீன் கார்டு வந்து கையில இருக்கிறவங்களுக்கு சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன்ல பப்ளிக் சார்ஜ் டெஸ்ட்டே கிடையாது.

அப்ளை பண்றது

எங்க பண்ணணும்னா உங்க ஸ்டேட்டோட சைட்ல, கலிஃபோர்னியான்னா கவர்ட் கலிஃபோர்னியா, நியூயார்க்னா என்ஒய் ஸ்டேட் ஆஃப் ஹெல்த், நியூ ஜெர்சின்னா என்ஜே ஃபேமிலிகேர், டெக்சாஸ்னா யுவர் டெக்சாஸ் பெனிஃபிட்ஸ். சொந்த சைட் இல்லாத ஸ்டேட்டுக்கு ஹெல்த்கேர் டாட் கவ்ல போட்டாலும் ஸ்டேட்டுக்கு அனுப்பிடுவாங்க. மெடிகெய்ட்டுக்கு ஓபன் என்ரோல்மென்ட் எல்லாம் கிடையாது, வருஷத்துல எந்த நாளும் பண்ணலாம். டெஸ்ட்ல ரெண்டு கோடு பாத்த வாரமே பண்ணுங்க, மூணு மாசம் கழிச்சு ஊருக்கு சொல்லிட்டு பண்ணலாம்னு இருக்காதீங்க, ஆரம்பத்துல எடுக்கிற பிளட் டெஸ்ட்டும் ஜெனடிக் டெஸ்ட்டும்தான் பெரிய பில்லா வரும்.

எடுத்து வச்சுக்க வேண்டியது: கடைசி நாலு அல்லது அஞ்சு வார பே ஸ்டப், ரெண்டு பேரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருந்தா அது, பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு, ஐ-94, வீட்டு லீஸ் அல்லது கரென்ட் பில், இப்ப இருக்கிற இன்சூரன்ஸ் கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ. கர்ப்பமா இருக்கேன்னு நீங்க சொன்னாலே பொதுவா ஏத்துக்கணும்னு விதி, டாக்டர் லெட்டர் கேட்டா மட்டும் குடுங்க, டியூ டேட்டும் எத்தனை குழந்தைன்னும் கேப்பாங்க.

ஃபார்ம்ல மூணு இடத்துல நின்னு நிதானமா பாருங்க.

ஒண்ணு, இப்ப உங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கான்னு வரும். இருக்குன்னு போடுங்க, கம்பெனி பேரு, பாலிசி நம்பர் எல்லாம் எழுதுங்க. மறைச்சா பின்னாடி தெரிஞ்சுடும், ஸ்டேட்டும் இன்சூரன்ஸ் கம்பெனியும் டேட்டா ஒத்துப்பாக்குறாங்க. சில ஆன்லைன் ஃபார்ம்ல இருக்குன்னு போட்டவுடனே உங்களுக்கு உதவி தேவையில்லன்னு வர்ற மாதிரி தோணும், நிறுத்தாம கடைசி வரைக்கும் போய் சப்மிட் பண்ணுங்க, முடிவு சொல்ல வேண்டியது ஸ்டேட் ஆபீஸ், ஸ்கிரீன்ல வர்ற வரி இல்ல.

ரெண்டு, கடந்த மூணு மாச மெடிக்கல் பில்லுக்கு உதவி வேணுமான்னு ஒரு சின்ன கட்டம் இருக்கும். பல பேர் டிக் பண்ணாம தாண்டிடறாங்க. அந்த மாசங்கள்லயும் நீங்க தகுதியா இருந்திருந்தா பின்தேதியில இருந்து கவரேஜ் குடுப்பாங்க, முதல் ஸ்கேன் பில் அதுல அடங்கிடும். 2025ல வந்த புது சட்டத்தால 2027 ஜனவரியிலருந்து இந்த மூணு மாசம் கர்ப்பிணிகளுக்கு ரெண்டு மாசமா குறையுது, சீக்கிரம் அப்ளை பண்ண சொல்றதுக்கு இது இன்னொரு காரணம்.

மூணு, பிடித்தம் பகுதி. மேல சொன்ன ப்ரீ டாக்ஸ் விஷயத்தை அங்க எழுதணும். சில ஸ்டேட் ஃபார்ம்ல தனியா கட்டம் இருக்காது, பே ஸ்டப் அப்லோட் பண்ணி கூடவே ஒரு பேப்பர்ல எது எவ்ளோ பிடிக்கிறாங்கன்னு எழுதி வைங்க, கேஸ் வொர்க்கர் மொத்த சம்பளத்தை மட்டும் பாத்துட்டு ரிஜெக்ட் பண்றது சகஜமா நடக்குது.

முடிவு சொல்ல அவங்களுக்கு 45 நாள் டைம். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட போகாம இருக்க வேண்டியதில்ல, உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ்லயே ஆரம்பிச்சுடுங்க. பல ஸ்டேட்ல பிரிசம்ப்டிவ் எலிஜிபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு, ஹெல்த் சென்டர்லயோ ஹாஸ்பிடல்லயோ அன்னைக்கே உக்காந்து நாலு கேள்வி கேட்டு தற்காலிக கவரேஜ் குடுத்துடுவாங்க, ப்ரீனேட்டல் செக்கப்புக்கு ஓடும், டெலிவரிக்கு ஓடாது, முழு அப்ளிகேஷன் போட்டே ஆகணும்.

ரிஜெக்ட் ஆச்சுன்னா லெட்டரை தூக்கி போடாதீங்க. காரணம் எழுதியிருப்பாங்க, எத்தனை பேர் குடும்பம்னு எண்ணியிருக்காங்க, எவ்ளோ வருமானம்னு எடுத்திருக்காங்கன்னு பாருங்க. குடும்பம் ரெண்டு பேருன்னு இருந்தா வயித்துல இருக்கிறதை எண்ணலன்னு அர்த்தம். முடிவை எதிர்த்து விசாரணை கேக்கிற ஃபேர் ஹியரிங்குக்கு கடைசி தேதி அந்த லெட்டர்லயே இருக்கும், எழுத்துல கேளுங்க.

கையில ரெண்டு கார்டு

அப்ரூவ் ஆயிடுச்சு. இப்பதான் கவனமா இருக்கணும், ஏன்னா காசு மிச்சமாகுறதும் வீணாகுறதும் இந்த கட்டத்துலதான்.

மெடிகெய்ட் பணம் கட்டணும்னா டாக்டரும் ஹாஸ்பிடலும் மெடிகெய்ட்ல பதிவு பண்ணியிருக்கணும். உங்க ஆபீஸ் இன்சூரன்ஸ் நெட்வொர்க்லயும் இருக்கணும், மெடிகெய்ட்டும் எடுக்கணும், ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஓபியை, அதாவது பிரசவ டாக்டரை தேடணும். ஃப்ரண்ட் டெஸ்க்ல கேட்டா "உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கே, மெடிகெய்ட் எடுக்க மாட்டோம்"னு சொல்லி வைக்கிறது ரொம்ப நடக்கும், நான் சொன்ன அந்த பொண்ணுக்கும் ஒரு கிளினிக்ல இதேதான் சொன்னாங்க. பில்லிங் டிபார்ட்மென்ட்டுக்கு போன் போட சொன்னேன். கேக்க வேண்டியது இவ்ளோதான்: "எனக்கு இந்த ஆபீஸ் பிளான் பிரைமரி, மெடிகெய்ட் செகண்டரி, நீங்க ஸ்டேட் மெடிகெய்ட்ல என்ரோல் ஆகியிருக்கீங்களா, செகண்டரிக்கு கிளெய்ம் அனுப்புவீங்களா, டெலிவரி பாக்குற ஹாஸ்பிடல் எது, அவங்களும் எடுப்பாங்களா." பேசுனவங்க பேரையும் தேதியையும் நோட்டுல எழுதி வைங்க. லேப், ஸ்கேன் எடுக்கிற இடம், மயக்க மருந்து குரூப் மூணையும் தனித்தனியா கேக்கணும், ஒரே பில்டிங்ல இருந்தாலும் அவங்க வேற வேற பில்.

அடுத்தது ஆபீஸ் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன், மெடிகெய்ட் செகண்டரியா சேந்திருக்குன்னு பதிவு பண்ண சொல்லுங்க. எந்த விசிட்டுக்கு போனாலும் ரெண்டு கார்டையும் நீட்டுங்க. ஒண்ணை மட்டும் காட்டுனா அந்த பில் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

பணம் எப்படி ஓடுதுன்னு ஒரு உதாரணம், நம்பர் சும்மா புரியறதுக்காக. ஓபி பில் வந்துச்சு, ஆபீஸ் இன்சூரன்ஸ் இதுக்கு 3,000 டாலர்தான் நியாயம்னு ஒத்துக்குது, அதுல 1,400 கட்டுது, டிடக்டிபிள்னு 1,600 உங்க தலையில போடுது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற இஓபிங்கிற கணக்கு பேப்பர்ல பேஷண்ட் ரெஸ்பான்சிபிலிட்டின்னு அந்த 1,600 இருக்கும். இப்ப கிளெய்ம் மெடிகெய்ட்டுக்கு போகுது. மெடிகெய்ட்டோட சொந்த ரேட் 1,900ன்னு வச்சுக்கோங்க, பல ஸ்டேட்ல அந்த ரேட்டுக்கு மேல கட்ட மாட்டாங்க, 1,400 போக 500 கட்டுவாங்க. மிச்சம் 1,100? மெடிகெய்ட் எடுத்துக்கிட்ட டாக்டர் அதை விட்டுடணும், உங்ககிட்ட கேக்க கூடாது, ஃபெடரல் விதி அப்படி. கர்ப்பம் சம்பந்தமான சிகிச்சைக்கு மெடிகெய்ட்ல கோபேயும் (ஒவ்வொரு தடவையும் நம்ம பங்கா கட்டுற காசு) கிடையாது.

28வது வாரம் வாக்குல நிறைய ஓபி ஆபீஸ்ல டெலிவரி டெபாசிட்டுன்னு ஆயிரம் ரெண்டாயிரம் கேப்பாங்க, டிடக்டிபிள் கணக்கு போட்டு முன்கூட்டியே வாங்குறது. மெடிகெய்ட் ஆக்டிவா இருக்கு, நீங்க அதை எடுத்துக்கிறீங்க, அப்ப டெபாசிட் வாங்க கூடாதுன்னு மரியாதையா சொல்லுங்க. ஏற்கனவே கட்டியிருந்தா ரீஃபண்ட் கேளுங்க.

ஆபீஸ் இன்சூரன்ஸை கேன்சல் பண்ணவே பண்ணாதீங்க. மெடிகெய்ட் கிடைச்சுடுச்சே, பிரீமியத்தை மிச்சம் பண்ணலாம்னு தோணும், பண்ணா டாக்டர் வட்டம் சுருங்கிடும், திரும்ப சேர சரியான காரணம் வேணும், கர்ப்பம் ஆயிருக்கிறது ஆபீஸ் பிளான்ல அந்த காரணத்துல வராது. பிரீமியமே பாரமா இருந்தா எச்ஐபிபின்னு கேளுங்க, டெக்சாஸ், பென்சில்வேனியா, கலிஃபோர்னியா மாதிரி ஸ்டேட்ல உங்க பங்கு பிரீமியத்தையே மெடிகெய்ட் திருப்பி குடுக்கிற திட்டம் அது, அவங்களுக்கு அது லாபமா இருந்தா ஒத்துக்குவாங்க, பிரசவ வருஷத்துல பெரும்பாலும் லாபமாத்தான் இருக்கும்.

எச்எஸ்ஏ வச்சிருக்கிறவங்க இதை கவனிங்க. அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்களே மெடிகெய்ட்ல இருந்தா அந்த மாசங்களுக்கு எச்எஸ்ஏல புதுசா பணம் போட கூடாது, ஏற்கனவே இருக்கிறதை செலவு பண்ணலாம். எச்ஆர்ல சொல்லி பிடித்தத்தை நிறுத்துங்க, இல்லன்னா டாக்ஸ் நேரத்துல அபராதம். புருஷன் பேர்ல எச்எஸ்ஏ, மெடிகெய்ட் உங்களுக்கு மட்டும்னா அவர் போடலாம்.

கவரேஜ் கிடைச்ச பிறகு சம்பளம் ஏறினா பயப்படாதீங்க. கர்ப்பிணியா ஒரு தடவை தகுதி ஆயிட்டா நடுவுல வருமானம் ஏறுனதால எடுத்துட முடியாது, இப்ப பெரும்பாலான ஸ்டேட்ல பிரசவத்துக்கு அப்புறம் 12 மாசம் வரைக்கும் ஓடும். செக்கப்புக்கு போக வண்டி இல்லன்னா மெடிகெய்ட் ரைடு ஏற்பாடு பண்ணும், ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணணும். பல ஸ்டேட்ல பல் டாக்டர், சில ஸ்டேட்ல டூலா (பிரசவ நேரத்துல கூட இருக்கிற துணையாள்) செலவும் உண்டு, நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மினசோட்டாவுல டூலா இருக்கு.

விக்

விக் ஆபீஸுக்கு போக நம்ம ஆளுங்க கூச்சப்படுறாங்க. கூச்சமே வேண்டாம். வருமான லிமிட் 185 சதவீதம், ஆனா மெடிகெய்ட் கிடைச்சிருந்தா வருமானம் தனியா பாக்க மாட்டாங்க, அதே போதும். விசா ஸ்டேட்டஸும் கேக்க மாட்டாங்க. உயரம், எடை எடுத்து விரல்ல ஒரு குத்து குத்தி ஹீமோகுளோபின் பாப்பாங்க, நம்ம பொண்ணுங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கிறது அங்கேயே தெரிஞ்சுடும். ஒரு கார்டு குடுப்பாங்க, பால், முட்டை, சீரியல், முழு கோதுமை பிரெட், காய்ஞ்ச பயறு, பருப்பு வகை, பீநட் பட்டர், காய் பழத்துக்கு மாசம் நாப்பது டாலருக்கு மேல. சைவம்னா சொல்லுங்க, பல ஸ்டேட்ல டோஃபு மாத்திக்கலாம். பால் குடுக்கிற அம்மாவுக்கு அளவு இன்னும் கூடும், பம்ப்பும் குடுக்கிறாங்க.

லிமிட்டை கொஞ்சம் தாண்டிட்டா

அடுத்த படியா சில ஸ்டேட்ல சிப் பணத்துல கர்ப்பிணிகளுக்கு திட்டம் இருக்கு, ஆனா அதுல இன்சூரன்ஸ் இருக்க கூடாதுன்னு பொதுவா நிபந்தனை, மெடிகெய்ட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமே இதுதான், குழப்பிக்காதீங்க. கலிஃபோர்னியாவுல எம்கேப்னு 322 சதவீதம் வரைக்கும் போகுது, அங்கேயும் ஆபீஸ் பிளான் பிரசவத்தை கவர் பண்ணா பொதுவா கிடையாது, மகப்பேறுக்குன்னே தனியா 500 டாலருக்கு மேல டிடக்டிபிளோ கோபேயோ இருந்தா மட்டும் விதிவிலக்கு.

கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல 200 சதவீதம் வரைக்கும் வருமானத்துக்கு தக்க கட்டணம், இன்சூரன்ஸ் இருந்தாலும் கேக்கலாம். எல்லாத்தையும் விட பெரிய உதவி ஹாஸ்பிடலோட ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ். லாப நோக்கம் இல்லாத ஹாஸ்பிடல் எல்லாத்துக்கும் இந்த பாலிசி இருக்கணும்னு வரி சட்டம் சொல்லுது, பல ஹாஸ்பிடல்ல லிமிட் 300, 400 சதவீதம் வரைக்கும் இருக்கும், இன்சூரன்ஸ் கட்டுனது போக மிச்சத்துக்கும் நிறைய இடத்துல குடுக்கிறாங்க. டிஸ்சார்ஜ் ஆகி முதல் பில் வந்த நாள்லருந்து 240 நாள் வரைக்கும் அப்ளிகேஷனை வாங்கியே ஆகணும். பில் வந்தவுடனே கார்டுல கட்டிடாதீங்க, பேமெண்ட் பிளானுக்கும் ஒத்துக்காதீங்க, முதல்ல அந்த ஃபார்மை கேளுங்க, கூடவே ஒவ்வொரு ஐட்டமும் தனியா போட்ட பில்லையும் கேளுங்க.

வேலைக்கு போற பொண்ணுங்க செக்கப்புக்கு லீவு கேக்க தயங்காதீங்க. 15 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற கம்பெனின்னா 2023 ஜூன்ல வந்த பிரெக்னன்ட் வொர்க்கர்ஸ் ஃபேர்னஸ் சட்டப்படி அப்பாயின்மென்ட்டுக்கு நேரம் கேக்கலாம், நியூயார்க்ல 2025லருந்து ப்ரீனேட்டலுக்குன்னே 20 மணி நேரம் சம்பளத்தோட லீவு.

குழந்தை பிறந்த உடனே

மெடிகெய்ட்ல இருந்த அம்மாவுக்கு பிறந்த குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரைக்கும் தனியா அப்ளிகேஷன் இல்லாமலே மெடிகெய்ட் உண்டு. ஹாஸ்பிடல்லயே சோஷியல் வொர்க்கர் ரிப்போர்ட் பண்ணிடுவாங்க, இருந்தாலும் வீட்டுக்கு வந்த வாரமே கேஸ் வொர்க்கருக்கு பேரு, பிறந்த தேதி சொல்லிடுங்க. ஆபீஸ் பிளான்ல குழந்தையை சேர்க்க பொதுவா 30 நாள்தான், பர்த் சர்டிபிகேட் வரட்டும், சோஷியல் நம்பர் வரட்டும்னு காத்திருந்தா தாண்டிடும், ஹாஸ்பிடல் குடுக்கிற லெட்டரை வச்சே எச்ஆர்க்கு மெயில் போடுங்க. அந்த நாட்கள்ல அம்மாவுக்கு தூக்கமே இருக்காது, அதனால இந்த போனும் மெயிலும் புருஷன் வேலை, டியூ டேட்டுக்கு முன்னாடியே நம்பரெல்லாம் அவர் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கட்டும்.